தசைச் சிதைவும் ஒரு நொதியின் குறையும்

உடல் வலிமை மிக்க இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். பளு தூக்குவதிலும், நூறு மீட்டர் ஓட்டத்திலும் அவன் எவர்க்கும் பின்வாங்கியவன் அல்லன். காவல்துறைத் தேர்வுக்கெனப் பயிற்சி செய்துவரும் அவன், ஒரு நாள் இரவு உணவையும் தவிர்த்துவிட்டு, விடியற்காலையில் வெறும் வயிற்றோடு நெடுந்தொலைவு ஓடுகிறான். ஓடி முடித்த சில மணி நேரத்திற்குள் தொடைகளும் கெண்டைக் கால்களும் கல்லைப்போல் இறுகி வலிக்கின்றன. மாலையில் அவனுடைய சிறுநீர் பால் கலவாத தேநீரைப்போல் கறுத்திருக்கிறது. இரண்டொரு நாள் படுக்கையில் கிடந்தபின் வலி தணிகிறது, சிறுநீரும் தெளிகிறது. சில வாரங்கள் கழித்து மருத்துவரிடம் சென்றால், குறை எதுவும் தென்படுவதில்லை. பயிற்சிக்கு வராமற்போன காரணத்தைக் கேட்டவர்கள் அவனைச் சோம்பேறி என்கின்றனர். சில மாதங்களுக்குப் பிறகு, காய்ச்சலோடு ஓடிய ஒரு நாளில், அதே துன்பம் மீண்டும் வருகிறது. இம்முறை சிறுநீர் கறுத்ததோடு நில்லாமல், வெளிவருவதே குறைந்து நின்றுவிடுகிறது.

மேலே கூறியது ஒரு தனி மனிதனின் வரலாறு அன்று. மருத்துவ ஏடுகளில் பல நாடுகளிலிருந்தும் பதிவாகியுள்ள நோய்க்குறிகளைத் தொகுத்து வரைந்த சித்திரமே அது. இத்துன்பத்திற்குக் காரணம் சோம்பலும் அன்று, உணவுச் சத்தின் குறையும் அன்று. தசை உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகளில் ஒரே ஒரு நொதி செம்மையாகப் பணிபுரியாமையே காரணம். அந்நொதியின் பெயர் கார்னிடைன் பால்மிட்டாயில் டிரான்ஸ்பெரேஸ்-2 என்பது.

இக்குறை அரிதானதே. ஆயினும் ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் இதனை அறிந்திருப்பது நன்று. நோய் தோன்றும் நாளில் அதனைக் கண்ணாற் காண்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். விளையாட்டு ஆசிரியரோ, கிராம சுகாதாரப் பணியாளரோதான். மருத்துவரை அடையும்போது அடையாளங்கள் மறைந்துவிடுகின்றன. மேலும், காரணத்தை ஒருமுறை அறிந்துகொண்டால், இந்நோயின் கொடிய விளைவுகளைப் பெரும்பாலும் உணவு முறையாலும் ஓய்வாலுமே தவிர்க்க இயலும்.

கறுத்த நிறம் எங்கிருந்து வருகிறது?

தசைக்குச் செந்நிறம் தருவது மயோகுளோபின் என்னும் புரதம். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் போலவே இதுவும் இரும்பைக் கொண்டது. ஆக்ஸிஜனைப் பற்றி வைத்திருந்து தசைக்கு வேண்டும்போது வழங்குவது. ஜான் கெண்ட்ரூ என்ற பிரிட்டிஷ் அறிஞர், தம் குழுவினருடன் எக்ஸ் கதிர்களைக்கொண்டு ஆராய்ந்து, 1958-ஆம் ஆண்டில் இதன் முப்பரிமாண அமைப்பை வெளியிட்டார். அப்பணிக்காக 1962-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஹீமோகுளோபினின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 64,000. மயோகுளோபினின் எடையோ ஏறத்தாழ 17,000 மட்டுமே. தசை உயிரணுவின் சவ்வு குலையாதிருக்கும்வரை மயோகுளோபின் அதனுள்ளேயே அடங்கியிருக்கும். சவ்வு குலைந்தால் அது இரத்தத்தில் கலக்கிறது. உருவிற் சிறியதாகையால் சிறுநீரகத்தின் வடிகட்டியை எளிதிற் கடந்து சிறுநீரை அடைகிறது. ஆகவே, கறுத்த சிறுநீர் என்பது கரைந்துபோன தசையின் ஒரு பகுதியே எனலாம்.

1941-ஆம் ஆண்டில், இலண்டன் நகரின்மீது விமானத் தாக்குதல் நடந்த காலத்தில், பைவாட்டர்ஸ், பீல் என்னும் மருத்துவர்கள் ஒரு செய்தியைப் பதிவு செய்தனர். இடிபாடுகளில் சிக்கிக் கைகால் நசுங்கியவர்கள், மீட்கப்பட்ட பின்னர் தேறுவதுபோல் தோன்றிச் சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து துன்புற்றனர். நசுங்கிய தசையிலிருந்து வெளியேறிய மயோகுளோபினுக்கு இதில் பங்குண்டு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. சுவர் இடிந்து விழாமலேயே, வெறும் ஓட்டத்தாலும் பட்டினியாலும் ஒருவருடைய தசை அவ்வாறு சிதைவது எங்ஙனம் என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்த வினா.

தசையின் இரு எரிபொருள்கள்

தசை சுருங்கி விரிவதற்கு வேண்டிய சக்தியை உடனடியாக வழங்குவது ஏ.டி.பி. என்னும் பொருள். இதன் கையிருப்பு சில விநாடிகளுக்கே போதும். எனவே செலவாகும் வேகத்திலேயே இது புதிதாக உண்டாக்கப்பட வேண்டும். அதற்குத் தசை இரு எரிபொருள்களை முதன்மையாக நம்பியுள்ளது.

முதலாவது, சர்க்கரை. இது தசையில் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமிக்கப்படுகிறது. நன்கு உண்டு வளர்ந்த ஒருவருடைய தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும், கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் கிளைக்கோஜன் இருக்கும். விரைவாக எரியக்கூடியது இது. ஆனால் அளவிற் சிறியது. இரண்டாவது, கொழுப்பு. மெலிந்த உடலிலுங்கூடக் கிலோகிராம் கணக்கில் இது சேமிப்பில் உள்ளது. மெதுவாக எரிவது, ஆனால் நெடுநேரம் தாங்குவது. 16 கார்பன் அணுக்களைக் கொண்ட பால்மிட்டிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறு முற்றிலும் எரிந்தால் 106 ஏ.டி.பி. மூலக்கூறுகள் கிடைக்கின்றன, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து கிடைப்பவை 30 முதல் 32 வரையே.

நூறு மீட்டர் ஓட்டத்திலும் பளு தூக்குவதிலும் கிளைக்கோஜனே பெரும்பாலும் செலவாகிறது. மணிக்கணக்கில் நடக்கும்போதும், மிதமான வேகத்தில் நெடுந்தொலைவு ஓடும்போதும், நேரம் செல்லச் செல்லக் கொழுப்பின் பங்கு உயர்கிறது. பட்டினி கிடக்கும்போதோ, ஓய்வாக இருக்கும் தசைகூடக் கொழுப்பையே நாடுகிறது. ஆகவே பட்டினியும் நெடிய உழைப்பும் ஒருசேர நேரும்போது, கொழுப்பை எரிக்கும் ஆற்றலே தசையின் உயிர்நாடியாகிவிடுகிறது.

கொழுப்பு அமிலம் எரியும் வகையை முதலில் விளக்கியவர் பிரான்ஸ் கினூப் என்ற ஜெர்மன் அறிஞர். நாய்களுக்குக் கொழுப்பு அமிலங்களைப் புகட்டி அவற்றின் சிறுநீரை ஆராய்ந்த அவர், கொழுப்பு அமிலத்தின் நீண்ட சங்கிலி இரண்டிரண்டு கார்பன் அணுக்களாக வெட்டப்படுகிறது என 1904-இல் வெளியிட்டார். இவ்வெட்டுதல் மைட்டோகாண்ட்ரியாவினுள்ளேதான் நடைபெறுகிறது என்பதை 1940-களின் இறுதியில் யூஜீன் கென்னடியும் ஆல்பர்ட் லெனிஞ்சரும் அமெரிக்காவில் நிலைநாட்டினர்.

பாதை மாறும் சந்திப்பு நிலையம்

மைட்டோகாண்ட்ரியாவைச் சுற்றி இரண்டு சவ்வுகள் உள்ளன. உட்சவ்வு மிகக் கட்டுப்பாடானது. நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலத்தைத் தானாக உள்ளே விடுவதில்லை. அதனைக் கடத்தித் தருவதற்குக் கார்னிடைன் என்னும் சிறு மூலக்கூறு தேவைப்படுகிறது. 1905-ஆம் ஆண்டில் ரஷ்ய நாட்டில் குலேவிச், கிரிம்பெர்க் என்னும் இருவர் இறைச்சிச் சாற்றிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். இறைச்சியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே இதன் பெயரும் அமைந்தது. ஐம்பது ஆண்டுகள் இதன் பயன் புலப்படாமலே இருந்தது. 1955-இல் இர்விங் பிரிட்ஸ் என்பவர், கார்னிடைனைச் சேர்த்தால் கொழுப்பு அமிலம் எரிவது மிகுகிறது என்பதைக் கண்டறிந்தார்.

இக்கடத்தல் நிகழும் வகையை மாணவர்க்கு விளக்க ஓர் உவமை உதவும். நம் நாட்டில் அகல இருப்புப்பாதையும் மீட்டர் பாதையும் சந்தித்த நிலையங்களில் முற்காலத்தில் சரக்கு மாற்றம் நடைபெற்றுவந்ததைப் பெரியோர் அறிவர். அகலப் பாதை வண்டி மீட்டர் பாதையில் ஓடாது. ஆகவே மூட்டைகளை இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். மீண்டும் அகலப் பாதை வரும் இடத்தில் மறுமுறை இறக்கி ஏற்ற வேண்டும்.

கொழுப்பு அமிலம் என்னும் மூட்டை, உயிரணுவில் கோஎன்சைம்-ஏ என்னும் அகலப் பாதை வண்டியில் ஏறி மைட்டோகாண்ட்ரியாவை வந்தடைகிறது. வெளிச்சவ்வில் இருக்கும் முதல் நொதி, மூட்டையை அவ்வண்டியிலிருந்து இறக்கிக் கார்னிடைன் என்னும் மீட்டர் பாதை வண்டியில் ஏற்றுகிறது. உட்சவ்விலுள்ள ஒரு கடத்துப் புரதம், அவ்வண்டியைச் சுரங்கவழி போல உள்ளே விடுகிறது. உட்சவ்வின் உட்புறத்தில் இரண்டாவது நொதி காத்திருக்கிறது. அது மூட்டையைக் கார்னிடைனிலிருந்து இறக்கி, உள்ளேயுள்ள கோஎன்சைம்-ஏ வண்டியில் ஏற்றிவிடுகிறது. வெறுமையான கார்னிடைன் வண்டி மீண்டும் வெளியே திரும்புகிறது. மூட்டையோ எரிகலத்தை அடைகிறது.

இவ்விரண்டாம் நிலையத்தின் பணியாளே கார்னிடைன் பால்மிட்டாயில் டிரான்ஸ்பெரேஸ்-2. இப்பணியாள் குறைந்தால் நிகழ்வது யாது? மூட்டைகள் கார்னிடைன் வண்டியிலேயே தேங்குகின்றன. எரிகலத்திற்கு எரிபொருள் போதிய அளவு சேர்வதில்லை. தேங்கிய வண்டிகளுட் சில பின்னோக்கி வந்து இரத்தத்திலும் கலக்கின்றன. இரத்தத்தில் காணப்படும் இந்நீண்ட சங்கிலிக் கொழுப்புக் கார்னிடைன்களே நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகவும் அமைகின்றன.

நொதிக் குறையின் இயல்பு

தசையில் இந்நொதி முறை குன்றியிருப்பதே மீண்டும் மீண்டும் வரும் கறுத்த சிறுநீருக்குக் காரணம் என்பதை, சால்வடோர் டிமௌரோவும் பாவ்லா மெலிஸ் டிமௌரோவும் 1973-இல் அமெரிக்காவிலிருந்து முதன்முதலாக அறிவித்தனர். பின்னர், இரு நொதிகளுள் இரண்டாவதே குறையுடையது என்பது தெளிவாயிற்று.

இந்நொதியை அமைக்கும் ஜீன் முதலாம் குரோமோசோமில் உள்ளது. தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக நமக்கு இரு படிகள் கிடைக்கின்றன. இரண்டும் பழுதாயிருந்தால்தான் பொதுவாக நோய் வெளிப்படும். பெற்றோர் இருவரும் ஒவ்வொரு பழுதான படியைத் தாங்கியவராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நெருங்கிய உறவில் மணம் செய்துகொள்ளும் குடும்பங்களில் இவ்வகை நோய்களின் வாய்ப்பு உயர்வது யாவரும் அறிந்ததே. பால் வேறுபாட்டைச் சாராத குரோமோசோமில் இந்த ஜீன் இருந்தும், தசை நோயாக வெளிப்படுவது ஆண்களிடமே மிகுதியாகப் பதிவாகியுள்ளது.

குறை மிகக் கடுமையாக இருப்பின் பிறந்த சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து நேர்கிறது. சற்றுக் குறைந்த வகையில் குழந்தைப் பருவத்தில் கல்லீரலும் இதயமும் பாதிக்கப்படுகின்றன. நாம் இங்குப் பேசுவது மூன்றாவதும் மிகப் பரவலானதுமான வகையைப் பற்றி. இதில் நொதி முற்றிலும் இல்லாமற் போவதில்லை, ஓரளவு செயற்படுகிறது. அதனாலேயே அன்றாட வாழ்வில் எக்குறையும் தெரிவதில்லை.

இவ்வகையில் மிகுதியாகக் காணப்படும் பழுது மிகச் சிறியது. 658 அமினோ அமிலங்களைக் கொண்ட இப்புரதத்தில், 113-ஆம் இடத்தில் செரைன் இருக்க வேண்டிய நிலையில் லியூசின் அமைந்துவிடுகிறது. இங்ஙனம் மாறிய நொதி வெப்பத்தைத் தாங்குவதில்லை என்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. 40 பாகை செல்சியஸ் அளவில் இது நிலைகுலையத் தொடங்குகிறது. காய்ச்சலின்போது தசை ஏன் சிதைகிறது என்பதற்கு இஃது ஏற்ற விளக்கம் தருகிறது. காய்ச்சல் உடையவர் உணவும் குறைவாகவே உண்பர். கொழுப்பின் தேவை உயரும் அதே வேளையில் கொழுப்பின் வாயிலும் அடைபடுகிறது.

சக்திக் குறைவு சிதைவாக மாறும் விதம்

சக்தி குறைந்தால் தசை களைத்து நின்றுவிடலாமே, சிதைவது ஏன் என்ற ஐயம் எழலாம். ஏ.டி.பி. என்பது சுருங்குவதற்கு மட்டும் தேவையானதன்று. உயிரணுவின் எல்லையைக் காப்பதற்கும் தேவை. உயிரணுவின் சவ்வில் இடையறாது இயங்கும் இறைப்பான்கள் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கின்றன. வேறு சில, கால்சியத்தை வெளியேயும் தனி அறைகளிலும் அடைத்து வைக்கின்றன. ஏ.டி.பி. குன்றினால் இவ்விறைப்பான்கள் தளர்கின்றன. கால்சியம் உயிரணுவினுள் பெருகுகிறது. பெருகிய கால்சியம் தசையை இறுக்கிப் பிடிப்பதோடு, புரதத்தையும் சவ்வின் கொழுப்பையும் கரைக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. வீட்டிலுள்ளோரே சுவரை இடிப்பதுபோல, உயிரணு தன்னுடைய நொதிகளாலேயே சிதைகிறது.

சிதைந்த உயிரணுவிலிருந்து மயோகுளோபின் மட்டுமன்றிப் பொட்டாசியமும் வெளிவருகிறது. இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பு நிலைகுலையக்கூடும். மயோகுளோபினோ சிறுநீரகத்தின் நுண்குழல்களில் படிந்து அவற்றை அடைக்கிறது. அக்குழல்களின் உயிரணுக்களுக்கும் தீங்கு செய்கிறது. உடலில் நீர் வற்றியிருந்தால் இத்தீங்கு பன்மடங்காகும். கிரியாட்டின் கைனேஸ் என்னும் தசை நொதியும் இரத்தத்தில் கலக்கிறது. இயல்பான நிலையில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 200 அலகுகளுக்குள் இருக்கும் இது, நோய் தாக்கும்போது பல ஆயிரங்களாக உயர்கிறது. சிலரிடம் ஒரு லட்சத்தையும் கடப்பதுண்டு. தாக்குதல் நீங்கிச் சில வாரங்களில் இயல்பு நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

எரிபொருள் மாறினால் அடையாளமும் மாறும்

இலண்டனில் பிரையன் மெக்கார்டில் என்ற மருத்துவர் 1951-இல் வேறொரு தசைக் குறையை விவரித்தார். அதில் கிளைக்கோஜனை உடைக்கும் நொதி இல்லை. அந்நொதி மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே இருப்பது. இக்குறை உடையவருக்கு மாடிப்படி ஏறத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே வலி எடுக்கும். சற்று நின்று மெதுவாகத் தொடர்ந்தால், இரத்தத்திலிருந்து சர்க்கரையும் கொழுப்பும் வந்துசேர, வலி தணிந்து நடை எளிதாகும்.

நாம் கூறிவந்த நொதிக் குறையில் நிலைமை நேர்மாறானது. குறுகிய ஓட்டமும் பளுவும் இயல்பாகவே முடியும். நெடுநேர உழைப்பின் பிற்பகுதியிலோ, அதன்பின் சில மணி நேரம் கழித்தோதான் வலி தோன்றும். உணவு உண்டிருந்தாரா, காய்ச்சல் இருந்ததா, குளிரில் நனைந்தாரா, உறக்கம் இழந்தாரா என்பவை இங்கு முதன்மை பெறுகின்றன. வலி எப்போது தொடங்கியது என்ற ஒரே கேள்வி, எந்த எரிபொருளின் பாதை அடைபட்டது என்பதைப் பெரும்பாலும் சுட்டிவிடுகிறது.

இப்பாதை பிறவிக் குறையால் மட்டுமன்றி, நஞ்சினாலும் அடைபடலாம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மேய்ச்சல் குதிரைகள் திடீரெனத் தசை சிதைந்து, கறுத்த சிறுநீர் கழித்து இறப்பது நெடுநாள் புதிராக இருந்தது. மேப்பிள் இன மரங்களின் விதையிலுள்ள ஹைப்போகிளைசின்-ஏ என்னும் பொருளே காரணம் என 2013, 2014-ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின. கொழுப்பு அமிலம் மைட்டோகாண்ட்ரியாவினுள் நுழைந்தபின் அதனை வெட்டும் நொதிகளை இந்நஞ்சு முடக்குகிறது.

மேப்பிள் மரமும் லிச்சி மரமும் நம் பூந்திக்கொட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. பீகார் மாநிலத்தின் முசாபர்பூர் மாவட்டத்தில் 2014-இல் 390 குழந்தைகள் மூளை பாதிப்புடன் இரு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டு, அவர்களுள் 122 பேர் இறந்தனர். இதனை ஆராய்ந்து 2017-இல் வெளியான அறிக்கை, லிச்சிப் பழம் உண்டதோடு இரவு உணவு இல்லாதிருந்ததையும் நோயுடன் தொடர்புபடுத்தியது. லிச்சியிலும் மேற்சொன்ன நஞ்சும் அதனை ஒத்த இன்னொன்றும் உள்ளன. அங்கே இரத்தச் சர்க்கரை வீழ்ந்து மூளை துன்புற்றது. குதிரைகளிடம் தசை சிதைந்தது. துன்புற்ற உறுப்பு வேறாயினும், கொழுப்பின் பாதை அடைபட்டது என்பது இரண்டிற்கும் பொது. இரவு உணவு இல்லாத வயிறு முசாபர்பூரில் கேட்டைப் பெருக்கியது போலவே, நாம் முதலிற் கண்ட இளைஞனின் வெறும் வயிறும் பெருக்கியது.

களத்தில் கவனிக்க வேண்டியவை

உழைப்புக்குப்பின் கறுத்த சிறுநீர் கழித்த ஒருவரைக் கண்டால், அவரை அன்றே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருத்தல் தவறு. கூடுமானால் அச்சிறுநீரைத் தூய்மையான ஒரு குப்பியில் எடுத்து உடன் அனுப்பலாம். சோதனைத் தாளில் இரத்தம் இருப்பதாகக் காட்டியும், நுண்பெருக்கியில் சிவப்பணுக்கள் இல்லாதிருந்தால், மயோகுளோபின் இருக்கலாமென மருத்துவர் ஐயுறுவர். சிவப்பணுக்கள் உடைவதாலும் சிறுநீர் கறுக்கலாம். அப்போது இரத்தத்தின் தெளிநீரும் செந்நிறம் பெறும். மயோகுளோபின் விரைவில் சிறுநீரில் நீங்கிவிடுவதால், தசைச் சிதைவில் தெளிநீர் நிறம் மாறுவதில்லை. மஞ்சட்காமாலையில் கண்ணின் வெண்பகுதி மஞ்சளாக இருக்கும். கடற்பாம்பு கடித்தாலும் தசை சிதைந்து சிறுநீர் கறுக்கும். கடலோரப் பணியாளர் இதனை நினைவிற் கொள்க.

மருத்துவமனை செல்லும்வரை நோயாளி ஓய்வாக இருத்தல் வேண்டும். நினைவு தெளிவாகவும் வாந்தி இல்லாமலும் இருந்து, சிறுநீரும் வந்துகொண்டிருந்தால், சர்க்கரை கலந்த நீர் பருகத் தரலாம். வலியுள்ள தசையை அழுத்திப் பிடித்துவிடுதலும், இரத்தம் ஓடட்டும் என்று மேலும் நடக்கச் சொல்லுதலும் கூடா. கடைகளில் எளிதிற் கிடைக்கும் வலி மாத்திரைகளுட் பல சிறுநீரகத்திற்குத் தீங்கு செய்பவை. அவற்றைத் தாமே தருதல் ஆகாது. மருத்துவமனையில் இரத்தக் குழாய் வழியாக நீரும் குளுக்கோஸும் செலுத்தப்படும். குளுக்கோஸ் தசைக்கு உணவாவதோடு, கொழுப்பு கரைந்து வருவதையும் தடுக்கிறது.

பழக்கமில்லாத கடும் உழைப்பாலும் கோடை வெப்பத்தாலும் நொதிக் குறையே இல்லாதவருக்கும் தசை சிதைவதுண்டு. ஆகவே ஒருமுறை நேர்ந்ததைக்கொண்டு பிறவிக் குறை என முடிவு கட்டலாகாது. மீண்டும் நேர்ந்தாலோ, பட்டினி அல்லது காய்ச்சலோடு சேர்ந்து வந்தாலோ, உடன்பிறந்தாருக்கும் அவ்வாறு நேர்ந்திருந்தாலோ, நொதிக் குறையை ஐயுறல் வேண்டும். சில துளி இரத்தத்தை எடுத்து, முன்னே கூறிய கொழுப்புக் கார்னிடைன்களை நிறைமாலைக் கருவியால் அளந்தும், ஜீனை ஆராய்ந்தும் நோயை உறுதி செய்யும் வசதி பெருநகர ஆய்வுக்கூடங்களில் உள்ளது.

நோய் உறுதியானவர் கடைப்பிடிக்க வேண்டிய முறை கடினமானதன்று. சோறு, ரொட்டி, கிழங்கு போன்ற மாவுப் பொருள்கள் மிகுந்தும் கொழுப்பு குறைந்தும் உள்ள உணவை இடைவெளி நீளாமல் உண்ணுதல் வேண்டும். உழைப்புக்கு முன்னும் இடையிலும் மாவுப் பொருளோ சர்க்கரையோ கொள்ளுதல் நன்று. விரதம் தவிர்க்கத் தக்கது. காய்ச்சல் உள்ள நாளில் உடற்பயிற்சி அறவே கூடாது. அறுவைச் சிகிச்சை நேரிடின் மயக்க மருந்து தருபவருக்கும், வலிப்பு நோய்க்கு மருந்து பெறும்போது மருத்துவருக்கும் இக்குறையை முன்னரே தெரிவித்தல் வேண்டும். வலிப்புக்குத் தரப்படும் வால்புரோயிக் அமிலம் இவர்களுக்கு ஒவ்வாதது.

8, 10 கார்பன் அணுக்களைக் கொண்ட நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள், பெரும்பாலும் கார்னிடைனின் துணையின்றியே உள்ளே செல்லக்கூடியவை. அவற்றாலான எண்ணெய்கள் சிலருக்கு மருத்துவரால் பரிந்துரைக்கப்படுகின்றன. 7 கார்பன் அணுக்களைக் கொண்ட அமிலத்தாலாகிய டிரைஹெப்டனாயின் என்னும் மருந்துக்கு, நீண்ட சங்கிலிக் கொழுப்பு எரியாத குறைகளுக்காக 2020-இல் அமெரிக்காவில் அனுமதி வழங்கப்பட்டது. தேங்காய் எண்ணெய் இதற்கு ஈடாகுமா எனச் சிலர் வினவலாம். அதில் 8, 10 கார்பன் அமிலங்களின் பங்கு சிறிதே. எஞ்சியவை பெரும்பாலும் அவற்றினும் நீண்ட சங்கிலிகள். ஆகவே அஃது ஈடாகாது.

முடிவாக

நொதி ஒன்றின் அமினோ அமிலங்களுள் ஒன்று மாறியமைந்தது ஆய்வுக்கூடத்தில் மட்டுமே அறியக்கூடிய செய்தி. அதன் விளைவோ பள்ளி மைதானத்திலும், தேர்வுக்கான ஓட்டப் பாதையிலும், நெடிய நடைப் பயணத்திலும் வெளிப்படுகிறது. ஓடும் பிள்ளைகளிடம் காலையில் என்ன உண்டாய் என்றும், பாதியில் நின்ற பிள்ளையிடம் வலி எப்போது தொடங்கியது, சிறுநீர் என்ன நிறம் என்றும் கேட்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. சிறுநீரின் நிறத்தைச் சொல்லப் பிள்ளைகள் நாணுவர். சோம்பேறி எனப் பெயரெடுத்த பிள்ளையோ எதையும் சொல்லாது. எனவே, கடிந்துகொள்ளும் முன் இம்மூன்று கேள்விகளையும் கேட்பதை ஆசிரியர்களும் பணியாளர்களும் வழக்கமாக்கிக்கொள்வாராயின், சிறுநீரகம் பழுதடைவதற்கு முன்பே நோய் வெளிப்படும்; காரணமின்றிப் பழி சுமக்கும் பிள்ளைகளும் அதினின்று விடுபடுவர்.